கைத்துருத்தியும் வீட்டு அடுப்பும்: தீயை எழுப்பவும் காக்கவும் முழுமையான வழிகாட்டி

மியான்மரின் மோன் மாநிலத்தில், தட்டோன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் மூன்று அடுப்புகள் இருக்கின்றன. மின்சாரம் இருக்கும் நேரத்துக்கு ஒரு மின்னடுப்பு, சோற்றுக்கும் குழம்புக்கும் மண் பூசிய இரட்டை விறகடுப்பு, தேநீருக்கும் மீன் சுடுவதற்கும் வாளி வடிவில் சுட்ட மண்ணாலான ஒரு கரியடுப்பு. 2021க்குப் பிறகு மின்வெட்டு மிகுந்துவிட்டதால், யாங்கோனில் அடுக்குமாடியில் குடியிருக்கும் எங்கள் உறவினர்கள்கூடப் பால்கனியில் கரியடுப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரிகிறது. பற்றிய தீயை நிலைநிறுத்தத் தெரியவில்லை. அட்டையால் விசிறியும் வாயால் ஊதியும் கண் சிவந்துபோய், கடைசியில் மண்ணெண்ணெயை ஊற்றுகிறார்கள். ஒரு கைத்துருத்தி இருந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்றாலும், துருத்தியைத் தவறாகப் பிடித்தால் அது புதுத் தொல்லையாகிவிடும்.

துருத்தியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கணக்கை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு முழுவதுமாக எரிந்து முடியச் சுமார் 5 கன மீட்டர், அதாவது 5,000 லிட்டர் காற்று வேண்டும். வீட்டில் பயன்படுத்தும் கைத்துருத்தி ஓர் அமுக்கில் ஏறத்தாழ 2 லிட்டர் காற்றைத்தான் தள்ளும். துருத்தியை மட்டும் நம்பி ஒரு கிலோ விறகை எரிக்க வேண்டுமானால் 2,500 முறை அமுக்க வேண்டும். அப்படி அமுக்குகிறவர் யாருமில்லை. அடுப்பு தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. சூடான காற்று மேலே போகப்போக, அடியிலிருந்து குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. துருத்தியின் வேலை தூங்கும் கனலை எழுப்பிவிடுவது. எழுந்த பிறகும் ஓயாமல் ஊத வேண்டியிருந்தால், கோளாறு விறகிலோ அடுக்கிய முறையிலோ காற்று வரும் வழியிலோ இருக்கிறது என்று பொருள். இந்த வழிகாட்டியில் துருத்தியைப் பற்றிச் சொல்வதைவிட அடுப்பைப் பற்றி அதிகம் சொல்லியிருப்பதற்கு அதுவே காரணம்.

வாயால் ஊதினால் போதாதா, ஊதாங்குழல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நாம் மூச்சாக உள்ளே இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. வெளியே விடும் மூச்சில் அது ஏறக்குறைய 16 விழுக்காடாகக் குறைந்திருக்கும், ஈரமும் சேர்ந்திருக்கும். ஊதாங்குழல் முகத்தை ஒரு முழம் தள்ளி வைக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் ஊதிய மறுகணம் இழுக்கும் மூச்சில் புகையும் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020இல் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. துருத்தி தூய காற்றைத் தருகிறது, ஊதுகிறவரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க முடிகிறது.

துருத்தியைத் தேர்தலும் சோதித்தலும்

நம் ஊர்க் கொல்லர்கள் பயன்படுத்திய ஆட்டுத்தோல் துருத்தி உலைக்களத்துக்கு உரியது. வீட்டு அடுப்புக்கு அது மிகை. பர்மியக் கொல்லர்களிடம் வேறொரு வகை உண்டு. தடித்த மூங்கில் குழாய்கள் இரண்டை நிமிர்த்தி நட்டு, கோழி இறகு கட்டிய தண்டை ஒவ்வொன்றிலும் விட்டு, ஒரு கை ஏறும்போது மறு கை இறங்குமாறு மாற்றி மாற்றி இடிப்பார்கள். இறகு கீழே இறங்கும்போது விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும், மேலே வரும்போது மடங்கி வழிவிடும். காற்று அறுபடாமல் வரும் அருமையான அமைப்பு அது; ஆனால் அதற்கு இரண்டு கையும் தேவை, குழம்பைக் கிளற மூன்றாவது கை வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஏற்றது இரண்டு பலகையும் ஒரு தோலும் கொண்ட சிறிய கைத்துருத்தியே.

அதன் அமைப்பு எளிமையானது. பேரிலை வடிவில் அறுத்த இரண்டு பலகைகள், அவற்றைச் சுற்றி ஆணி அடித்த மெல்லிய ஆட்டுத்தோல், அடிப்பலகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துளை, அத்துளையை உட்புறமாக மூடும் தோல் நாக்கு, முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு இரும்பு அல்லது பித்தளை மூக்கு. பலகையை விரிக்கும்போது நாக்கு திறந்து காற்று உள்ளே வருகிறது. அமுக்கும்போது நாக்கு துளையை அடைத்துக்கொள்ள, காற்று மூக்கு வழியே வெளியேறுகிறது. தேக்குத் துண்டு மலிவாகக் கிடைக்கும் நம் பகுதியில் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்வது கடினமன்று. செய்யச் சொல்லும்போது இரண்டு செய்திகளை வற்புறுத்த வேண்டும். முதலாவது, தோலுக்குள் ஒரு பிரம்பு வளையத்தை வைத்துத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் விரிக்கும்போது தோல் உட்புறமாகக் குழிந்து, கொள்ளும் காற்று பாதியாகிவிடும். இரண்டாவது, மூக்கின் துளை சுண்டுவிரல் அளவுக்கு மேல் போகக்கூடாது. அகலமான மூக்கில் காற்று பரவலாக வந்து சாம்பலைக் கிளப்பும், கனலை எட்டாது.

வாங்கிய துருத்தியானாலும் செய்த துருத்தியானாலும், நெருப்பருகே கொண்டுபோவதற்கு முன் சோதித்துவிட வேண்டும். கட்டைவிரலால் மூக்கை இறுக அடைத்துக்கொண்டு பலகைகளை அமுக்குங்கள். நல்ல துருத்தி கையை எதிர்த்து நிற்கும். உஸ்ஸென்று காற்று கசிந்தால், எரியும் ஊதுபத்தியைத் தையல் ஓரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். புகை கலைகிற இடந்தான் ஓட்டை. பிறகு மூக்கைத் திறந்துவிட்டு, ஒரு சிறு காகிதத் துண்டை அடித்துளையருகே பிடித்துக்கொண்டு பலகையை விரியுங்கள். காகிதம் துளையை நோக்கி இழுபட வேண்டும். இழுபடவில்லை என்றால் நாக்கு விறைத்திருக்கிறது, காற்று முழுவதும் மூக்கு வழியாகவே உள்ளே போகிறது. இது சிறு குறையாகத் தோன்றலாம். நெருப்புக்கு நேரே நீட்டிய மூக்கு வழியாகக் காற்று உள்ளே போனால் தீப்பொறியும் கூடவே போகும். தோலுக்குள் விழுந்த பொறி சத்தமில்லாமல் கனிந்து, நீங்கள் துருத்தியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன அரை மணி கழித்துப் புகையத் தொடங்கும்.

விறகு

மோன் மாநிலத்தில் மழை பெய்வதைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோல்மேனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீட்டர் கொட்டுகிறது, அதில் பெரும்பகுதி மே முதல் அக்டோபர் வரையில். அதனால் அந்த ஆண்டுக்கான விறகு, சித்திரைத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே பிளந்து, கூரைக்கடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றோட்டம் இருக்கும்படி அடுக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிய மரத்தின் எடையில் பாதிவரை நீர் இருக்கும். அடுப்புக்கு வரும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பிளக்காத உருட்டுக்கட்டை ஓராண்டு கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். பிளந்த விறகு ஆறு மாத வெயிலில் தேறிவிடும்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்கு வெப்பம் அதே தண்ணீரை ஆவியாக்கத் தேவைப்படுகிறது. ஈர விறகை எரிப்பவர் சோற்றுப் பானைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பானையையும் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். விறகு காய்ந்ததா என்று அறிய இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது ‘தொப்’பென்று அமுங்கிப்போகும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரியும் கீறல்களும், தானாகக் கழன்றுவரும் பட்டையும் காய்ந்ததற்கு அடையாளங்கள்.

எங்கள் பக்கத்தில் பால் வற்றி வெட்டப்பட்ட ரப்பர் மர விறகு நிறையக் கிடைக்கிறது. சீராக எரியும், ஆனால் விரைவில் பூச்சி அரிக்கும். ஒரு பருவத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டாம். ரயில் தண்டவாளக் கட்டைக்குப் பயன்பட்ட பியின்காடோ இரும்பைப்போல் கனமானது, பற்றுவதற்கு நேரமாகும், பற்றினால் இரவு முழுவதும் தணல் நிற்கும். புளியும் அப்படியே. மூங்கில் பற்றவைக்க மிக நல்லது. ஆனால் கணுக்களுக்கிடையே காற்று அடைபட்டிருப்பதால், பிளக்காமல் அடுப்பில் வைத்தால் துப்பாக்கிபோல் வெடித்துக் கங்கைச் சிதறடிக்கும். ஒவ்வொரு கணுவிடையையும் கத்தியால் கீறிவிட்ட பிறகே வைக்க வேண்டும். வண்ணம் அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மரம் ஆகியவற்றை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகை உணவிலும் மூச்சிலும் ஏறும்.

அடுக்குவதும் பற்றவைப்பதும்

நேற்றைய சாம்பலை முழுவதும் வழித்தெடுக்க வேண்டியதில்லை. அடியில் ஒரு விரற்கடைச் சாம்பல் இருந்தால், தரைக்கு வெப்பம் போகாமல் அது காக்கும். அதற்கு மேல் இருப்பதை அள்ளிவிடுங்கள். கரியடுப்பில் மட்டும் கரியைத் தாங்கும் தட்டின் துளைகளையும் அடிவாயிலையும் முழுவதும் துப்புரவாக்க வேண்டும்.

அடுப்பின் வாயருகே குறுக்காக ஒரு செங்கல்லையோ தடித்த விறகையோ வைத்து, அதன் மேல் விறகுகளின் நுனி தங்குமாறு அடுக்கினால், விறகுக்குக் கீழே காற்று நுழைய வழி கிடைக்கிறது. இந்த ஒரு சிறு மாற்றம் துருத்தி வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும் என்பது என் அனுபவம். விறகுகளை நெருக்கிக் கட்டுப்போல் வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். இரண்டு விறகு ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தால் எரியும். ஒற்றை விறகு தன் வெப்பத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு அணைந்துபோகும்.

பற்றவைப்பதற்குத் தென்னை ஓலைச் சருகு, நார், பென்சில் கனத்தில் சீவிய மூங்கில் சிம்பு, ஷான் மலைப்பக்கத்திலிருந்து வரும் பிசின் ஏறிய பைன் மரச் சிராய் ஆகியவற்றில் எது கையில் இருக்கிறதோ அது போதும். கொட்டாங்குச்சித் துண்டு இரண்டை இவற்றின் மேல் கவிழ்த்தாற்போல் வைப்பது நல்லது, ஏனென்றால் சருகின் சுடர் அடங்கும் நேரத்தில் கொட்டாங்குச்சி பிடித்துக்கொண்டு விறகுக்குத் தீயைக் கைமாற்றித் தரும். தீக்குச்சியைக் கீழிருந்து காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் துருத்தியைத் தொடக்கூடாது. இளஞ்சுடர் என்பது சருகிலிருந்து வெளியேறும் ஆவி எரிவதுதான். அந்த ஆவியின் மேல் வேகமான காற்று பட்டால், எரியும் இடத்தைவிட்டு அது தள்ளிப்போய், குளிர்ந்து, வெண்புகையாகிவிடும். விளக்கை ஊதி அணைப்பதும் அடுப்பை ஊதி வளர்ப்பதும் ஒரே செயல்தான். ஊதப்படும் இடத்தில் கனல் இருக்கிறதா, வெறும் சுடர் மட்டும் இருக்கிறதா என்பதே வேறுபாடு. சிம்புகள் கரிந்து, அவற்றின் ஓரத்தில் சிவப்பு தெரியும்வரை, ஏறக்குறைய மூன்று நான்கு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊதும் முறை

சிறுவயதில் எனக்கு அடுப்பூதக் கற்றுக்கொடுத்தவர் என் அப்பத்தா. துருத்தி கைக்கு வந்த மகிழ்ச்சியில் நான் டப்டப்பென்று அடித்துக்கொண்டிருந்தேன்; சாம்பல் பறந்து, வடித்த சோற்றில் விழுந்தது. அப்பத்தா திட்டவில்லை. துருத்தியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, “கண்ணை மூடிக்கிட்டுக் கேளு, கங்கு பேசும்” என்றார். கேட்டேன். ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே துருத்தியை எடுத்து, மெல்ல, ஒரே நீள மூச்சாக ஓர் அமுக்கு அமுக்கினார். கங்குகளுக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று உரசுவதுபோல் கிணுகிணுவென்று ஒரு நுண்ணிய ஒலி எழுந்தது. “இதுதான். இது கேட்டா நிறுத்து. கேக்கலேன்னா இன்னொண்ணு” என்றார். இன்றுவரை நான் கண்ணைவிடக் காதை நம்பித்தான் ஊதுகிறேன்.

அந்த ஒலிக்குக் காரணம் உண்டு. கங்கின் மேற்பரப்பில் சாம்பல் படிந்து, காற்று உள்ளே போவதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்லிய காற்று அந்தப் படலத்தை விலக்கி, கரியைத் தொட்டவுடன், மேற்பரப்பு சட்டென்று சூடேறி நுண்ணியதாகக் கீறுகிறது. காற்றின் வேகம் அளவுக்கு மேல் போனால், கரி தரும் வெப்பத்தைவிட அதிக வெப்பத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். கங்கு கண்ணெதிரே கறுத்துவிடும். சின்னஞ்சிறு கங்குகளில் இது உடனே நிகழும். அதனால் கனல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு மெதுவாக ஊத வேண்டும்.

செய்யும் முறை இது. அடுப்பின் வாய்க்கு நேரே உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். பொறி நேராகத்தான் திரும்பி வரும். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், லுங்கியை மடித்துக்கொள்ளுங்கள். நைலான் துணியோடு அடுப்பங்கரைக்கு வரவேண்டாம், அது பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மூக்கின் நுனி கனலிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். மேலிருந்து கீழாக ஊதாமல், தரையோடு படிந்தாற்போல், கனல் குவியலின் அடியை நோக்கிப் பிடியுங்கள். முதல் ஐந்தாறு அமுக்குகள் உறங்கும் குழந்தையின் மூச்சளவுக்கு இருக்கட்டும். ஒவ்வோர் அமுக்கையும் இரண்டு விநாடி நீட்டி, முடிவில் மூக்கைச் சிறிது விலக்கிக்கொண்டு விரியுங்கள். இந்த விலக்கும் பழக்கம் மிக முக்கியமானது. நாக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் விரிக்கும்போது ஓரளவு காற்று மூக்கு வழியாகவும் போகவே செய்யும். மூக்கைக் கனலுக்குள் செருகிக்கொண்டு ஊதுவது கொல்லனுக்குச் சரி, அவன் உலையில் அதற்கென்று மண்குழல் இருக்கிறது, நமக்கு இல்லை.

பத்து அமுக்குக்குப் பிறகு நிறுத்தி, பத்து விநாடி பாருங்கள். கனல் மங்கிய சிவப்பாக இருந்தால் அதன் வெப்பம் ஏறக்குறைய 700 டிகிரி செல்சியஸ். ஆரஞ்சு நிறம் வந்தால் 900ஐத் தாண்டியிருக்கும். வெளிர்மஞ்சள் என்றால் 1,100ஐ ஒட்டி வந்துவிட்டது. சமையலுக்கு ஆரஞ்சுக்கு மேல் தேவையே இல்லை. விறகு அந்தக் கனலின் வெப்பத்தில் ஆவியை வெளியிட்டு, ‘பக்’கென்று தானாகச் சுடர்விடும். அந்தக் கணத்தோடு துருத்தியின் வேலை முடிந்தது. கீழே வைத்துவிடுங்கள். சுடர் விட்ட பிறகும் அடித்துக்கொண்டிருப்பவரை எங்கள் வீட்டில் ‘குதிரை ஓடுகிறது, சாட்டை ஏன்’ என்று கேலி செய்வோம்.

சமைக்கும்போது

உலை கொதிக்க எழும் சுடர் வேண்டும். கொதித்த பிறகு அந்தச் சுடர் வீண். விறகை முன்னே தள்ளினால் தீ ஏறும், பின்னே இழுத்தால் இறங்கும் என்பது எல்லோரும் அறிந்தது. துருத்தியைப் பயன்படுத்துவதற்குச் சமையலில் இரண்டே தருணங்கள்தான் வாய்க்கின்றன. புது விறகை வைத்ததும் தீ சுருங்கிப் புகைகிறதே, அப்போது நான்கைந்து அமுக்கு. தோசைக்கல் ஆறிப்போய் மாவு ஒட்டத் தொடங்கும்போது, கல்லுக்கு நேர் கீழே உள்ள தணலுக்கு இரண்டு அமுக்கு. மீன்குழம்பு சுண்டும் நேரத்தில் துருத்தியின் பக்கம் போகவே கூடாது.

பாத்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைச் சற்றே தாண்டுமே தவிர அதற்கு மேல் போகாது. தண்ணீர் வற்றிய பிறகு காப்பதற்கு ஒன்றுமில்லை. நான் ஒரு மழைநாளில் கரியடுப்பில் வெந்நீரை வைத்து, சூடு போதவில்லை என்று ஒரு கை ஊதிவிட்டு, வாசலில் வந்தவரோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பி வந்தபோது பாத்திரம் இருந்தது, அடிப்பாகம் இல்லை. தணலுக்கு நடுவே வெள்ளிக் குட்டைபோல் பளபளவென்று தேங்கிக் கிடந்தது. ஊதிவிட்ட கரியடுப்பை விட்டு நகரக்கூடாது.

கரியடுப்பு

கரிக்கும் விறகுக்கும் நடத்தை வேறு. கரியில் ஆவியாகக்கூடியது முன்பே போய்விட்டது, எஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன். அதனால் சுடரும் புகையும் குறைவு, துருத்தி சொன்னபடி அது உடனே கேட்கும். ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்புநிலக் காட்டு மரத்தில் சுட்ட கரி கனமாகவும் நீண்ட நேரம் எரிவதாகவும் இருப்பதால் பலர் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்தக் காடுகள் புயல் அலைக்கு அரணாக நிற்பவை, நெல் வயலுக்காகவும் கரிக்காகவும் பெருமளவில் அழிந்தவை. கொட்டாங்குச்சிக் கரி கிடைக்குமானால் நான் அதையே வாங்குவேன்.

கரியடுப்பில் மேலிருந்து ஊதினால் சாம்பல் முகத்துக்கு வரும். அடிவாயிலுக்கு நேரே மூக்கைக் காட்டி, தட்டின் துளைகள் வழியே காற்று மேலேறுமாறு ஊத வேண்டும். கரித்துண்டுகள் எலுமிச்சம்பழ அளவில் இருந்தால் போதும். கரித்தூள் துளைகளை அடைத்துவிடும்.

ஊதும்போது கரியின் மேல் நீல நிறத்தில் சிறு சுடர்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். எரிவது கார்பன் மோனாக்சைடு. எரிந்தால் தீங்கில்லை, எரியாமல் வெளியேறினால் அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரியாது, இருமல் வராது. தலைவலியும் மயக்கமும் வந்து, அதன் பிறகு எழ முடியாமலே போய்விடும். தை மாதக் குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கே உலை வைப்பது. புகை வராததால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் சமைத்தாலும், உள்ளே திறக்கும் கதவைச் சாத்தி வெளிப்பக்கத்தை முழுவதும் திறந்து வையுங்கள். தணல் இருக்கும் அடுப்பை இரவில் உள்ளே கொண்டுவர வேண்டாம்.

ஈர விறகுதான் கிடைக்கிறது என்றால்

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது நான் யாங்கோனில் சித்தி வீட்டில் இருந்தேன். தெருவெல்லாம் மரம் சாய்ந்து கிடந்தது. விறகுக்குப் பஞ்சமில்லை, காய்ந்த விறகுக்குத்தான் பஞ்சம். மின்சாரம் பல நாள் வரவில்லை. பச்சை மரத்தை எரிக்க அப்போது கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

பச்சைக் கட்டையின் வெளிப்பட்டையை உரித்து, நடுவில் உள்ள வைரத்தை மட்டும் விரல் கனத்துக்குப் பிளந்துகொள்ளுங்கள். முதலில் உடைந்த நாற்காலிச் சட்டமோ பழைய பெட்டியோ, ஏதேனும் காய்ந்த மரத்தைக் கொண்டு நல்ல தணல் படுக்கையை உண்டாக்குங்கள். ஈரச் சிம்புகளை அடுப்பைச் சுற்றி, நெருப்பில் படாமல், வெப்பம் மட்டும் படும்படி சாய்த்துவைத்து, ஒன்று எரியும் நேரத்தில் அடுத்தது காயுமாறு சுழற்சியில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நுனியில் நீர் நுரைத்து ‘ஸ்ஸ்’ என்று கசிந்துகொண்டிருக்கும்வரை அதன் மேல் ஊதிப் பயனில்லை. அந்தச் சத்தம் நின்ற பிறகு அடியிலுள்ள தணலுக்கு ஊதுங்கள், விறகுக்கு ஊதாதீர்கள். துருத்தியை ஓயாமல் அடிக்க வேண்டிய ஒரே சூழல் இதுதான்; ஆள் மாற்றி அடித்தோம், ஒரு சட்டிக் கஞ்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றை எரியும் தணலின் மேல் ஊற்றுவதைப் பற்றி ஒரு வரி போதும்: ஊற்றிய கையோடு தீ கலத்துக்குள் ஏறிவிடும்.

இரவில் தணலை மூடி வைத்தல்

காலையில் தீக்குச்சி இல்லாமல் அடுப்பை எழுப்புவதே துருத்தியின் உண்மையான பயன் என்று நான் நினைக்கிறேன். இரவுச் சமையல் முடியும் நேரத்தில் பியின்காடோ அல்லது புளியங்கட்டையில் கைமுட்டி அளவுக் கங்குகள் நான்கைந்து இருக்க வேண்டும். அவற்றை இடுக்கியால் அடுப்பின் பின்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டுமாறு குவித்து, சலித்த நுண்சாம்பலால் இரண்டு விரற்கடைக் கனத்துக்கு மூடுங்கள். எரியாத விறகுகளை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்துவிடுங்கள். சாம்பல் காற்றை முழுவதும் அடைக்காது. கங்கு சாகாத அளவுக்கு விடும், எரிந்து தீராத அளவுக்குத் தடுக்கும். எட்டு மணி நேரம் தாராளமாக நிற்கும்.

விடியற்காலையில் சாம்பலை ஒரே வீச்சில் கிளறிவிடாமல், கரண்டியின் முதுகால் மேலிருந்து சிறிது சிறிதாக ஒதுக்குங்கள். நீறு பூத்த நெருப்பு வெளியே சாம்பல் நிறமாகவே தெரியும். புறங்கையை அருகில் கொண்டுபோனால் சூடு தெரியும். சருகையும் சிம்பையும் அதன் மேல் வைத்து, துருத்தியால் மூன்று நீள அமுக்கு. கிணுகிணுப்புக் கேட்டதும் நிறுத்தி, பிறகு இன்னும் மூன்று. என் வீட்டில் பெரும்பாலும் ஒன்பதாவது அமுக்கில் சுடர் வந்துவிடும். மூடிய தணலும் இரவெல்லாம் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதால், இது தனியாக இருக்கும், காற்றோட்டமுள்ள சமையற்கட்டுக்கு மட்டுமே பொருந்தும். மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக்கூரையும் உள்ள வீடுகளில் மாசி, பங்குனி மாதங்களில் தணலை மூடிவைக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி அணைத்துவிடுங்கள். எந்த மாதமானாலும் ஒரு வாளித் தண்ணீரோ மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சுட்டுக்கொண்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, நெய், மை எதையும் தடவ வேண்டாம். கொப்புளம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ, குழந்தைக்குப் பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

துருத்தியைப் பேணுதல்

தோலுக்கு இரண்டு எதிரிகள்: அடுப்பின் வறட்சியும் மழைக்காலத்து ஈரமும். வறண்டால் மடிப்பில் வெடிக்கும், ஈரமானால் பூஞ்சை பிடிக்கும். மாதத்துக்கு ஒரு முறை சில துளி விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு, மடிப்புகளில் தேய்த்து, ஒரு நாள் விரித்தபடியே வைத்திருங்கள். அதிகமாகத் தடவினால் சாம்பல் ஒட்டிக்கொள்ளும், எலியும் தேடி வரும். எங்கள் முதல் துருத்தி எலிக்குத்தான் இரையாயிற்று. பூஞ்சை கண்டால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் போடாதீர்கள்.

மூக்குக்குள் சாம்பல் சேர்ந்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். நாக்கின் தோல் சுருண்டுபோனால் மாற்றிவிடுவதே நல்லது. பழைய செருப்பின் மெல்லிய உட்தோல் அதற்குச் சரியாகப் பொருந்தும். சிறு ஓட்டைக்கு உட்புறமாகத் தோல்துண்டை வைத்துத் தச்சர் பசையால் ஒட்டலாம். தையல் ஓரத்தில் ஓட்டை என்றால் ஆணியைப் பிடுங்கித் தோலை இழுத்து மறுபடி அடிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் உடனே மாட்டிவிடாமல், மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்து இரண்டு முறை வெறுங்காற்றில் அடித்து, தோலில் எங்கேனும் சூடு தெரிகிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு அடுப்பிலிருந்து இரண்டு முழமாவது தள்ளி, சுவரில் ஓர் ஆணியில், மூக்கு கீழே தொங்குமாறு, பலகைகள் பாதி விரிந்த நிலையில் மாட்டுங்கள். மூடிய நிலையில் மாட்டினால் மடிப்பு ஒரே இடத்தில் படிந்து, அடுத்த மழைக்குள் அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும்.